முதலில் எது போனது? டிமென்ஷியா வகைகளைப் பிரித்தறியும் விதம்

கடற்கரைத் தெருவில் உட்கார்ந்து வலை முடிகிறார் எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர். கண்ணி அளவு பிசகவில்லை, வலை ஊசி தடுமாறவில்லை. ஆனால் காலையில் மகள் வந்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை "மணி என்ன ஆச்சு?" என்கிறார். "கை இவ்வளவு சுத்தமா ஓடுது, மறதியெல்லாம் வயசுக்கு வர்றதுதான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். நோய் காலம் கடந்து தெரியவருவதற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

கைப்பழக்கமும் புதுச் செய்தியும் மூளையில் ஒரே இடத்தில் பதிவதில்லை. வலை முடிவது, ஓலை முடைவது, தொழுகையில் உடல் தானாகக் குனிந்து நிமிர்வது போன்ற பழக்கங்களை மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கருக்களும் சிறுமூளையும் காத்து வைக்கின்றன. இன்று காலை நடந்ததைப் பதிய வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி. இரண்டு காதுகளுக்கும் உள்பக்கமாக, ஆளுக்கு இரண்டு இருக்கும். நோய் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தின் வேலை முதலில் போகும். டிமென்ஷியாவை வகை பிரிப்பது இதை வைத்துத்தான். முதலில் எது போனது, எந்த வேகத்தில் போனது, எது இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

எதை டிமென்ஷியா என்கிறோம்

இரண்டு நிபந்தனைகள். நினைவு, கவனம், பேச்சு, திசையும் இடமும் அறிதல், திட்டமிடுதல், பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்டவை அந்த ஆளின் பழைய நிலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அந்த இறக்கம் அன்றாட வேலையைத் தொட்டு, அடுத்தவர் கை தேவைப்படும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் அது லேசான அறிவுத்திறன் குறைவு. அவர்களில் சிலருக்குப் பின்னால் டிமென்ஷியாவாகும், சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் தேறிவிடுவதும் உண்டு. மருத்துவக் குறிப்பில் "மேஜர் நியூரோகாக்னிட்டிவ் டிஸார்டர்" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் டிமென்ஷியாவுக்கு வைத்த புதுப் பெயர் அது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீடு சொல்கிறது.

அன்றாட வேலை பாதித்திருக்கிறதா என்று கேட்கும் படிவங்களில் வங்கிக் கணக்கு, செக், கார் ஓட்டுதல் என்று இருக்கும். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துப் பாட்டியிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. மீன் கூறு விலை பேசுவது, பிடிபாட்டில் பங்கு பிரிப்பது, கடல்பாசி எடை போட்டுக் காசு வாங்குவது, ரேஷன் கடையில் மிச்சம் எண்ணுவது, கேஸ் அடுப்பை அணைப்பது, சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுவது ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரியவர் கணக்கில் தடுமாறத் தொடங்கியதுமே மருமகள் கணக்கை வாங்கிக்கொள்வாள், பேரன் கடைக்குப் போய்விடுவான். பெரியவருக்கு எந்த வேலையும் இல்லாததால் எதிலும் தப்பு நடக்காது, வீடும் "நல்லா இருக்கார்" என்றே சொல்லும். ஆகவே "இப்போது என்ன தப்பு செய்கிறார்" என்பதைவிட "முன்பு அவர் பார்த்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள், எப்போதிலிருந்து" என்ற கேள்வி கூர்மையானது.

வகைக்கு முன்னால் ஒரு வடிகட்டல்

டிமென்ஷியா போலத் தோன்றி, சரிசெய்யக்கூடிய நிலைகள் பல. இவற்றை விலக்காமல் அல்சைமர் என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிக மோசமான பிழை.

முதலில் விலக்க வேண்டியது டெலிரியம் என்ற திடீர்க் குழப்பம். நேற்றுவரை சரியாக இருந்தவர், சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் குழம்பிப்போகிறார். காலையில் தெளிவு, இரவில் பிதற்றல், சில சமயம் ஓயாத தூக்கம். அடையாளம் கவனம் சிதறுவது. டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவரிடம் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்கலாம். ஆரம்ப நிலை அல்சைமர்காரர் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவார், டெலிரியத்தில் இரண்டாவது கிழமையிலேயே அறுந்துபோகும். காரணங்கள் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு போன்றவை. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் வேர்த்து, வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம். நோன்பு மாதத்தில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு சர்க்கரை இறங்கி, ஆள் தெரியாமல் பேசலாம். இதற்கெல்லாம் நினைவுப் பரிசோதனை வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிமென்ஷியா உள்ளவருக்கே டெலிரியமும் சேர்ந்து வருவது சாதாரணம் என்பதால், "அவருக்கு ஏற்கெனவே மறதிதானே" என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்தது தலையில் பட்ட அடி. படகு விளிம்பில் இடித்துக்கொண்டதோ கிணற்றடியில் வழுக்கி விழுந்ததோ அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. வயதானவரின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், மண்டை ஓட்டுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சேர இடம் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம், சில சமயம் மாதங்கள் கழித்துத் தூக்கக்கலக்கம், தடுமாற்றம், மறதி, நடை இழுப்பு என்று வெளிப்படும். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவருக்கு அபாயம் கூடுதல். சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். ரத்தத்தை வெளியேற்றினால் பலர் தேறுகிறார்கள்.

பிறகு வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு மந்தமும். பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. அதற்குச் சற்று மேலே இருந்தாலும் சந்தேகம் தீர்ந்ததாகாது. இங்கே நடக்கும் தவறு ஒன்று: கை கால் மரத்துப்போகிறது என்று பக்கத்து கிளினிக்கில் "சத்து ஊசி" நாலு போட்டுவிட்டு, அதன் பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்கள். ஊசியில் இருந்த பி12 ரத்தத்தில் ஏறி, அளவு நன்றாக இருப்பதாகக் காட்டும். ரத்தம் முதலில், ஊசி பிறகு.

மாத்திரைகளே மூளையை மந்தமாக்குவதும் உண்டு. சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், மனநோய் மாத்திரையோடு சேர்த்துத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அடிக்கடி சிறுநீர் வருவதை அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகிய நான்கும் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுக்கின்றன. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு வழியில் அதே வேலையைச் செய்கின்றன. நீண்ட நாள் குடித்தவருக்கு தயமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் நினைவிழப்பும் தனிக் கணக்கு.

மனச்சோர்வும் மறதியாக வரும். கேட்டதற்கெல்லாம் "தெரியல, விடுங்க" என்று முயற்சியே செய்யாமல் ஒதுங்குவார். அல்சைமர்காரர் முயன்று தப்பாகச் சொல்வார், அல்லது சிரித்து மழுப்புவார். காது கேட்காதவரும் புரை விழுந்தவரும் சோதனையில் தோற்றுப்போவார்கள். காதில் அடைத்த குறும்பியை எடுத்ததும் மதிப்பெண் கூடுவது வேடிக்கை இல்லை, உண்மை.

அல்சைமர்: பதியவே இல்லை

டிமென்ஷியாக்களில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் பங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளையில் பார்த்துச் சொன்ன இரண்டு படிவுகள்தாம் இன்றும் இதன் அடையாளம். நரம்புச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு திட்டுகள், செல்லுக்குள்ளே டௌ புரதச் சிக்கல்கள். டௌ சிக்கல் ஹிப்போகேம்பஸை ஒட்டித் தொடங்குவதால் புதுச் செய்தி பதிவது முதலில் போகிறது.

தொடக்கம் எப்போது என்று வீட்டாரால் தேதி சொல்ல முடியாது. அவ்வளவு மெல்ல வரும். கேட்டதையே கேட்பது, வைத்த இடம் மறந்து "யாரோ எடுத்துட்டாங்க" என்பது, பழக்கமில்லாத தெருவில் வழி தப்புவது, பிறகு சொல் கிடைக்காமல் "அது, அது" என்று தடவுவது. பழைய நினைவு வெகுநாள் நிற்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து ஓடிவந்ததை நிமிடம் நிமிடமாகச் சொல்பவருக்கு நேற்றைய கல்யாண வீடு நினைவில்லை என்றால், "பழசெல்லாம் ஞாபகம் இருக்கே" என்று ஆறுதல் கொள்ள அதில் ஒன்றுமில்லை. நோயின் முகமே அதுதான். முற்றும்போது அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி அழிந்துகொண்டு போகும். "பாம்பனை எதில் தாண்டுவீங்க?" என்று கேட்டால் ரயில் மட்டுமே வாயில் வருகிறது, 1988இல் திறந்த சாலைப் பாலம் வரவில்லை என்றால் எந்தக் காலம் வரை அழிந்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரு சின்னச் சோதனை இந்த வகையை நன்றாகக் காட்டும். உப்பு, குடை, கோயில் என்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கேளுங்கள். வரவில்லை என்றால் "ஒன்று சமையலில் போடுவது" என்று எடுத்துக்கொடுங்கள். அப்போதும் வரவில்லை, அல்லது "மிளகாய்" என்று இல்லாத ஒன்றைச் சொல்கிறார் என்றால், சொல் பதியவே இல்லை. அல்சைமர் பக்கம் சாய்கிறது. எடுத்துக்கொடுத்ததும் "ஆ, உப்பு!" என்று வந்துவிட்டால் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. ரத்தநாள வகை, பார்க்கின்சன், மனச்சோர்வு ஆகியவற்றில் இப்படி நடக்கும்.

அரிதாக அல்சைமர் மறதியில் தொடங்காது. கண் நன்றாக இருந்தும் எதிரிலுள்ள தட்டை எடுக்கத் தடவுவது மூளையின் பின்பகுதியில் தொடங்கும் வகை. கண் மருத்துவரிடம் இரண்டு முறை கண்ணாடி மாற்றிய பிறகுதான் பெரும்பாலும் தெரியவரும்.

ரத்தநாள டிமென்ஷியா: படி இறங்கும், நடை மாறும்

இதில் இரண்டு முகங்கள். பக்கவாதம் வந்து, அதை ஒட்டி மூன்று மாதத்துக்குள் அறிவுத்திறன் இறங்குவது ஒன்று. கொஞ்ச நாள் நிலையாக நின்று, இன்னொரு அடைப்பு, இன்னொரு இறக்கம் என்று படிபடியாகப் போகும். எந்த நாளில் இறங்கினார் என்று வீட்டார் தேதியோடு சொல்வார்கள். அல்சைமருக்கு இப்படித் தேதி கிடைக்காது.

மற்றது சத்தமில்லாதது. கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய குழாய்களைப் பல ஆண்டுகளாகத் தடிக்க வைத்து, வெள்ளைப் பகுதியைக் கெடுக்கும். பக்கவாதமே வந்திருக்காது. யோசனை மந்தம், அடுத்து என்ன செய்வது என்ற திட்டம் வராமை, ஆர்வம் போவது, சிறிய எட்டு வைத்துத் தேய்த்து நடப்பது, சிறுநீரை அடக்க முடியாமை, காரணமில்லாமல் அழுவது அல்லது சிரிப்பது என்று வரும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத ஊர்களில் ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருப்பது இந்த ஒரு வகைக்காகவாவது அவசியம். மற்ற வகைகளில் நோயின் ஓட்டத்தை நிறுத்த வழியில்லை. இதில் அடுத்த படி இறங்காமல் தடுக்க வழி உண்டு.

எண்பதைத் தாண்டியவர்களில் அல்சைமரும் ரத்தநாளக் கேடும் கலந்தே இருப்பது மிகச் சாதாரணம். ஒரே பெயரைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

லூயி பாடி: அதிகம் தவறவிடப்படுவது

இந்த வகையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இதில் பெயர் தப்பினால் மாத்திரை தப்பும், மாத்திரை தப்பினால் உயிருக்கே ஆபத்து.

நரம்புச் செல்லுக்குள் சேரும் உருண்டைகளை 1912இல் மருத்துவர் ஃப்ரிட்ஸ் லூயி விவரித்தார். அவை ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்பது வெகு காலம் கழித்தே தெரிந்தது. லூயி பாடி என்ற பெயர் அவரால் வந்தது. பார்க்கின்சன் நோயிலும் இதே உருண்டைகள்தாம். நான்கு முக்கிய அடையாளங்கள் உண்டு, டிமென்ஷியாவோடு இவற்றில் இரண்டு இருந்தால் லூயி பாடி என்று பெரும்பாலும் உறுதி. தெளிவு ஏறி இறங்குவது: காலையில் பேப்பர் படித்தவர் மதியம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இல்லாத உருவங்கள் தெளிவாகக் கண்ணில் படுவது: பெரும்பாலும் குழந்தைகள், சிறு உருவ மனிதர்கள், பூனை நாய்கள், ஓசை இல்லாமல் மூலையில் நிற்கும். பார்க்கின்சன் போல விறைப்பு, வேகக் குறைவு, நடுக்கம். நான்காவது, தூக்கத்தில் கனவை நடித்துக் காட்டுவது.

நான்காவதைக் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். தூக்கத்தில் வலை இழுப்பது போலக் கையை வீசுவார், யாரையோ விரட்டிக் கத்துவார், கட்டிலிலிருந்து விழுவார். மனைவி பல ஆண்டுகளாகத் தனியே பாய் விரித்துக்கொண்டிருப்பார். மறதி தொடங்குவதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பேகூட இது வரலாம். இதோடு மோப்பம் போயிருக்கும், மலச்சிக்கல் இருக்கும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுக்கவைத்து அளந்து, நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் கணக்கில் எடுக்க வேண்டும்.

உருவம் தெரிவதால், இந்த ராமநாதபுரம் கரையில் பலர் முதலில் போவது ஏர்வாடி தர்ஹாவுக்கோ, மந்திரிப்பவரிடமோ, குலசாமி கோயிலுக்கோ. போவதில் தவறில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்த பிறகு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. துஆவோடு (வேண்டுதலோடு) மருந்தும் சேர்ந்து கிடைக்க அங்கேயே அரசு ஏற்பாடும் வந்தது. தவறு எங்கே நேர்கிறது என்றால், "பேய் பார்க்கிறார், கத்துகிறார்" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஊசி போடப்படும்போது. லூயி பாடி உள்ளவருக்கு இந்த வகை மருந்தால் உடல் மரக்கட்டையாக விறைக்கலாம், விழுங்க முடியாமல் போகலாம், நினைவு மங்கலாம், மரணமும் நேரலாம். ஆகவே உருவம் தெரிகிறது என்று சொல்லும்போதே விறைப்பு, தூக்கத்தில் கை வீசுவது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "லூயி பாடி சந்தேகம், ஹாலோபெரிடால் வேண்டாம்" என்று ஒரு சீட்டில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

பார்க்கின்சன் நடுக்கம் வந்து ஓராண்டுக்கு மேல் கழித்து மறதி தொடங்கினால் அது பார்க்கின்சன் டிமென்ஷியா. மறதி முந்தினாலோ இரண்டும் ஓராண்டுக்குள் வந்தாலோ லூயி பாடி டிமென்ஷியா. இந்த ஓராண்டு எல்லை மருத்துவர்கள் வசதிக்குப் போட்ட கோடு. மூளையில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே.

முன்மூளை வகை: மறதியே இல்லாத டிமென்ஷியா

வயது ஐம்பதுகளில் இருக்கும், பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில். நினைவு நன்றாக இருக்கும், வழி தப்ப மாட்டார். குணம் மாறியிருக்கும். கண்ணியமாக இருந்தவர் சபையில் கூசாமல் பேசுவார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் திரும்பியும் பார்க்க மாட்டார். ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போய் ஒரே இனிப்பை வாங்கித் தின்பார். தடை உணர்வு போவது, எதிலும் நாட்டமின்மை, இரக்கம் வற்றுவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, தின்பதில் மாற்றம், திட்டமிடும் திறன் குறைவு ஆகிய ஆறில் மூன்று இருந்தாலே சந்தேகப்படலாம் என்பது 2011இல் வகுத்த அளவுகோல். குடியால், கெட்ட சகவாசத்தால், திமிரால் என்று ஊர் சொல்லும். சொத்தை யாருக்கோ எழுதிக்கொடுத்த பிறகு மருத்துவரிடம் வருபவர்களும் உண்டு. இதே நோய் வகையின் வேறு கிளைகள் பேச்சில் தொடங்கும். ஒன்றில் "நண்டு" என்ற சொல்லின் பொருளே போய், "நண்டா? அப்படின்னா?" என்பார். மற்றதில் பொருள் தெரியும், வாக்கியம் கோவையாக வராது.

நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்தால்

தரையில் கால் ஒட்டிக்கொண்டது போன்ற நடை முதலில், பிறகு சிறுநீர் அவசரம், பிறகு மந்தம். மூளை நீர் அறைகள் விரிவதால் வரும் நிலை இது, 1965இல் அடையாளம் காணப்பட்டது. முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடையை அளப்பார்கள். நடை தெளிந்தால் நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாய் வைப்பது பலன் தரலாம். வாரங்களில், ஓரிரு மாதங்களில் வேகமாக முற்றும் டிமென்ஷியா, கூடவே உடல் திடுக்கிடல் என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே நரம்பியல் பிரிவுக்குப் போக வேண்டும்.

கண்டறியும் வேலை எப்படி நடக்கிறது

முதல் கருவி வீட்டார் சொல்லும் கால வரிசை. போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: முதலில் கவனித்த மாற்றம், எந்த ஆண்டு, எந்தப் பண்டிகை அல்லது எந்தத் தடைக்காலத்தை ஒட்டி. அடுத்து என்ன. விழுந்தாரா, பக்கவாதம் வந்ததா. தூக்கம், சிறுநீர், நடை, உருவம் தெரிதல். குடி, புகை. எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில், நாட்டு மருந்து உட்பட. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனைவிட, கூடவே இருக்கும் மகளோ மருமகளோ வருவது உதவும். ஆனால் மகன் ஒன்றைச் சரியாகச் சொல்வார்: ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதால் இரண்டு வருகைக்கு நடுவிலுள்ள வித்தியாசம் அவர் கண்ணில்தான் படும். பத்து ஆண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டு வீட்டாரிடம் கேட்கும் 16 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. படிப்பறிவு அதில் குறுக்கே வராததால் நம் ஊருக்குப் பொருந்தும். "வாப்பா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டாரிடம் தனியே ஐந்து நிமிடம் பேச மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர் முன்னிலையில் எதுவும் வெளியே வராது.

அடுத்தது மதிப்பெண் சோதனை. பரவலாக இருப்பது 30 மதிப்பெண் கொண்ட எம்.எம்.எஸ்.இ., 1975இல் வந்தது. 24க்குக் கீழே என்றால் சந்தேகம் என்பார்கள். இதில் வாசிப்பதற்கு ஒன்று, வாக்கியம் எழுதுவதற்கு ஒன்று, படம் பார்த்து வரைவதற்கு ஒன்று, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்கு ஐந்து. பள்ளிக்கூடம் மிதிக்காத பாட்டி நோயே இல்லாமல் எட்டை இழக்கலாம். மறுபக்கம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் நோயோடு 28 வாங்கிவிடுவார். எழுத்தறியாதவர்களுக்காக இந்தியாவிலேயே மாற்றியமைத்த சோதனைகள் இருக்கின்றன. தமிழ் பேசும் சமூகத்தை வைத்து வேலூரில் உருவாக்கியதும் அவற்றில் ஒன்று. எதுவும் கையில் இல்லை என்றால் கேள்வியை ஊருக்குத் திருப்பலாம். ஆங்கிலத் தேதி தெரியாதவரிடம், இன்று விசைப்படகு போகும் நாளா, நாட்டுப்படகு போகும் நாளா, இப்போது அடிப்பது வாடையா கச்சானா, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் முடிந்துவிட்டதா, இது எந்தப் பிறை என்று கேட்கலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை பெயர் என்ற சோதனைக்கு மட்டும் கடலோடியிடம் மீன் பெயர் கேட்காதீர்கள். நோய் முற்றியவரும் நெத்திலி, சாளை, விளமீன் என்று அடுக்கிவிடுவார். விலங்குகளைக் கேளுங்கள்.

மூன்றாவது உடல் பரிசோதனை: நடக்கவைத்துப் பார்ப்பது, கை விறைப்பு, பக்கவாத அடையாளம், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், நாடி, காது, கண்.

நான்காவது ரத்தம். முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம்), கால்சியம், கல்லீரல், டி.எஸ்.எச். (தைராய்டு), பி12. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி.யும், சிபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல்.லும்.

ஐந்தாவதாகத்தான் ஸ்கேன். ஸ்கேன் எடுத்தால் பெயர் வந்துவிடும் என்று நினைத்து முதலில் அதற்கு ஓடுபவர்களே அதிகம். ரத்தக் கசிவு, கட்டி, பெரிய அடைப்பு, நீர் அறை விரிவு ஆகியவற்றை விலக்கச் சி.டி. போதும். ஹிப்போகேம்பஸ் சுருக்கமும் மெல்லிய குழாய்க் கேடும் எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவு. சீட்டில் "டிமென்ஷியா" என்று எழுதி, முகத்துக்கு நேராக வெட்டிப் பார்க்கும் கொரோனல் படங்களும் கேட்க வேண்டும். அது இல்லாமல் ஹிப்போகேம்பஸை அளக்க முடியாது. அதன் சுருக்கத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 75 வயதுக்குக் கீழே 2ம், அதற்கு மேலே 3ம் வந்தால் இயல்பு தாண்டியது. "வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்" என்ற வரி அறிக்கையில் இருந்தால் அதற்கு டிமென்ஷியா இல்லை என்றும் பொருளில்லை, இருக்கிறது என்றும் பொருளில்லை. கருவிக்குள் இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

பெட் ஸ்கேன், முதுகுத் தண்டு நீரில் அமிலாய்டு அளவு, 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டௌ ரத்தப் பரிசோதனை ஆகியவை இளம் வயதில் தொடங்கியவருக்கும் குழப்பமான தோற்றம் உள்ளவருக்கும் உரியவை. எண்பது வயதில் தெளிவான அல்சைமர் உருவம் உள்ளவருக்கு இவற்றுக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை.

இந்தக் கரையில் தொடங்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது 2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. நரம்பியல் நிபுணர் தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ரத்தத்தையும் சி.டி.யையும் உள்ளூரிலேயே முடித்துக்கொண்டு போனால் மதுரைக்கு அலைவது ஒன்று குறையும்.

பெயர் கிடைத்ததும் மாறுவது

அல்சைமருக்கும் லூயி பாடிக்கும் டோனெபெசில் அல்லது ரிவாஸ்டிக்மின். டோனெபெசில் 5 மி.கி.யில் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் கழித்து 10. நாடி மெதுவாக உள்ளவருக்கு மயக்கம் வரலாம் என்பதால் முன்பே ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது. குமட்டல், பேதி வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். முன்மூளை வகைக்கு இதே மாத்திரை பலன் தராது, நடத்தையைக் கெடுக்கவும் கூடும். ரத்தநாள வகைக்கு அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை நான்கும்தான் சிகிச்சை.

முதல் முறையில் எழுதிய பெயர் இறுதியானது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையை, முடிந்தால் அதே ஆளிடம் செய்து எண்ணைக் குறித்து வையுங்கள். அல்சைமர் என்று எழுதியவருக்கு இரண்டாம் ஆண்டில் உருவங்கள் தெரிந்தாலோ உடல் விறைத்தாலோ, ஒரே மாதத்தில் பல புள்ளி சரிந்தாலோ, வகையை மறுபடி பார்க்க வேண்டும். திடீர்ச் சரிவு என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் சோடியமும். இரவு நேரக் குழப்பத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாதபோது 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.